அழியும் வாகைக்காக ஓடலாமா?

1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, ஓட்டக்காரர்களை மருத்துவர்கள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவரின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டபோது, துடிப்போடு இயல்புக்கு மாறான ஓர் ஓசையும் சேர்ந்து ஒலித்தது. இன்று ஓடலாம், களைத்தால் உடனே விலகிவிட வேண்டும், இனி இரண்டொரு பந்தயங்களோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்று அவருக்கு அறிவுரை கூறப்பட்டது. இளைஞர் ஓடினார். 2 மணி 21 நிமிடம் 39 நொடியில் முதலாவதாக வந்து சேர்ந்தார். அந்தப் பந்தயத்தில் அதுவரை எவரும் அவ்வளவு விரைந்து ஓடியதில்லை. தலையில் வாகை இலைகளால் ஆன வளையத்தைச் சூட்டினார்கள். சில நாள்களில் வாடிப்போகும் இலைகள் அவை, பணப்பரிசு ஏதுமில்லை. பாஸ்டனில் பணப்பரிசு வழங்கும் வழக்கம் 1986-இல்தான் வந்தது.

அவர் பெயர் கிளாரன்ஸ் டிமார். அடுத்த வெற்றிக்கு அவர் பதினோர் ஆண்டுகள் காத்திருந்தார். காத்திருந்தார் என்பதைவிட, ஓட்டத்தைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்திருந்தார் என்பதே பொருத்தம். மருத்துவர்களின் எச்சரிக்கை ஒரு காரணம். வேலையும் படிப்பும் இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் அவருடைய மனச்சான்று. பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த அவர், ஞாயிறுதோறும் சிறுவர்களுக்கு மறைக்கல்வி புகட்டி வந்தவர். ஒரு கிறிஸ்தவன் தன் வலிமையையும் பொழுதையும் இப்படியொரு வீண்பெருமைக்குச் செலவிடலாமா என்னும் ஐயம் அவரை விடவில்லை.

அந்த ஐயமே இக்கட்டுரையின் பொருள். எவருக்கும் உணவாகாத, எவருடைய நோயையும் தீர்க்காத ஒரு திறமையை ஆண்டுக்கணக்கில் பேணி வளர்ப்பது அறமாகுமா? செய்வதற்கு எத்தனையோ நற்செயல்கள் காத்திருக்க, வெறுமனே ஓடிக்கொண்டிருப்பது எதற்கு?

இக்கேள்வியை நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். என்னை நோக்கி அன்று, ஒரு மாணவனை நோக்கி. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய சிற்றூர்ப் பள்ளியில், கூலி வேலை செய்யும் பெற்றோரின் மகன் ஒருவன் படித்தான். வட்டார விளையாட்டுப் போட்டிகளில் நெடுந்தொலைவு ஓட்டம் என்றால் அவன்தான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிய நாள்களிலும் விடியற்காலையில் கண்மாய்க் கரையில் ஓடிக்கொண்டிருப்பான். ஒருநாள் அவனை நிறுத்தி, "இப்படி ஓடி ஓடி என்னத்தைக் காணப்போகிறாய்? வீட்டு நிலைமை தெரியாதா?" என்று கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கரையில் அவனைக் காணவில்லை. அதன்பின் என்றுமே காணவில்லை. தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றான். நான் செய்தது சரி என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். டிமாரின் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்த உறுதி எனக்கு இல்லை.

உழைப்பில் வளர்ந்தவர்

டிமார் 1888-ஆம் ஆண்டு சூன் 7-ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பிள்ளைகளோடு தனித்து நின்ற தாய் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் குடியேறினார். வறுமை மிகுந்தபோது, பாஸ்டன் துறைமுகத்துத் தீவொன்றில் நடந்துவந்த பண்ணைப் பள்ளிக்கு மகனை அனுப்ப வேண்டியதாயிற்று. ஏழைச் சிறுவர்களுக்குப் படிப்போடு பயிர்த்தொழிலையும் கைத்தொழிலையும் கற்பித்த பள்ளி அது. அங்கிருந்து வெளிவந்தபின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு பழப்பண்ணையில் வேலை செய்தார். பின்பு அம்மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, உடலுழைப்பால் ஈட்டிய பொருளைக் கொண்டே படித்தார். தாய்க்கு உதவ வேண்டிய நிலை வந்தபோது படிப்பை இடையில் விட்டுப் பாஸ்டனில் அச்சகத் தொழிலாளி ஆனார்.

எழுத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்து அச்சுக் கோர்ப்பதும் மெய்ப்புத் திருத்துவதும் அவருடைய வாழ்க்கைத் தொழில். வேலை முடிந்தபின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புறவகுப்புகளில் பயின்றார். வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் மாற்றுடையைச் சுமந்துகொண்டு ஓடினார். பயிற்சிக்கென்று தனித் திடல் தேடவில்லை. பிற்காலத்தில் ரெடிங் என்னும் ஊரில் சிறு பண்ணை ஒன்றை வைத்து, மனைவியோடும் ஐந்து பிள்ளைகளோடும் வாழ்ந்தார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கீன் என்னும் ஊரில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கித் தந்த அப்பள்ளியில் அச்சுத்தொழில் கற்பிக்கும் ஆசிரியராகவும் சில ஆண்டுகள் பணியாற்றினார். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும் சாரணர் குழுவும் இவற்றுக்கிடையே நடந்தன.

தொழிலாளி, உழவர், ஆசிரியர் ஆகிய மூன்று பணிகளுக்கும் நடுவே எஞ்சிய பொழுதில்தான் அவர் ஓடினார். அந்த எஞ்சிய பொழுதையும் விட்டுவிட வேண்டுமா என்பதே அவருடைய மனச்சான்றின் கேள்வி.

ஒரு தச்சரின் மரணம்

கேள்வி எளிதானதன்று. 1912-இல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த ஒலிம்பிக் மாரத்தானில் டிமார் பன்னிரண்டாவதாக வந்தார். அன்று கடும் வெயில். அதே பாதையில், அதே பந்தயத்தில், போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ லாசரோ மயங்கி விழுந்தார்; மறுநாள் இறந்துபோனார். அவரும் தம் கையால் உழைத்து உண்டவரே. தச்சுத் தொழிலாளி.

இதயத்தில் குறை உண்டு என்று சொல்லப்பட்ட ஒருவர், தம்மோடு ஓடிய இன்னொருவரின் சாவைக் கண்டபின், இது எதற்காக என்று கேட்காமல் இருக்க முடியுமா? நம் உயிர் நமக்கு மட்டும் உரியதன்று. அது கடவுளின் கொடை, நம்மை நம்பியிருப்போரின் உடைமையும்கூட. ஓர் இலை வளையத்துக்காக அதைப் பணயம் வைப்பது வீரம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆகவே டிமார் ஒதுங்கி நின்ற ஆண்டுகளை வீணான ஆண்டுகள் என்று விளையாட்டு எழுத்தாளர்கள் வருந்தும்போது என்னால் அவர்களோடு சேர்ந்து வருந்த முடிவதில்லை. ஓட்டக்காரரின் உடல் உச்ச வலிமையோடு இருக்கும் பருவம் அது என்பது உண்மை. ஆனால் தான் மிகவும் விரும்பும் ஒன்றை, அது தகுமா என்னும் ஐயம் எழுந்தபோது கீழே வைக்கத் தெரிந்த மனிதரை அந்த ஆண்டுகள்தாம் நமக்குக் காட்டுகின்றன.

அமெச்சூர் என்னும் சொல்

டிமார் தம் வாழ்நாள் முழுவதும் அமெச்சூர் வீரராகவே இருந்தார். இச்சொல் நமக்கு நாடக மேடை வழியாகப் பழக்கமானது. பகலில் அலுவலகத்தில் கணக்கு எழுதிவிட்டு மாலையில் அரிதாரம் பூசுகிறவர்களை அமெச்சூர் நடிகர்கள் என்றோம். அச்சொல்லில் சிறிது ஏளனமும் கலந்திருந்தது. முழுத் தேர்ச்சி இல்லாதவர், பொழுதுபோக்குக்குச் செய்பவர் என்பதாக. ஆனால் அதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. அன்பு செய்பவர், நேசிப்பவர் என்பதே அதன் முதற்பொருள்.

அன்பிலிருந்து பிறந்த அச்சொல்லை வேலியாக்கிய வரலாறும் உண்டு. இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியை நடத்தியவர்கள் 1879-இல் ஒரு விதி வகுத்தார்கள். கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞரோ தொழிலாளியோ அமெச்சூர் ஆகமாட்டார் என்றது அவ்விதி. படகுப் போட்டியில் பணம் பெற்றாரா என்பதன்று கேள்வி. கையால் உழைத்துப் பிழைப்பதே தகுதிக்குறைவு. அந்த விதியின்படி பார்த்தால், அச்சுக் கோர்த்து உண்ட டிமார் எத்தனை ஆண்டுகள் பணமின்றி ஓடினாலும் அமெச்சூர் ஆகியிருக்க முடியாது.

ஸ்டாக்ஹோமில் டிமாரோடு சென்ற அமெரிக்கக் குழுவில் ஜிம் தோர்ப் இருந்தார். பூர்வகுடி அமெரிக்கர், கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றவர். ஐந்துவகைப் போட்டியிலும் பத்துவகைப் போட்டியிலும் தங்கம் வென்றார். அதற்கு முன் 1909, 1910 ஆண்டுகளில் சிறு ஊதியத்துக்குப் பேஸ்பால் ஆடியிருந்தார் என்பது தெரியவந்ததும், 1913-இல் அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 1953-இல் அவர் இறந்தார். 1982-இல்தான் பன்னாட்டு ஒலிம்பிக் குழு அவரை இணை வெற்றியாளராக ஏற்றது. தனி வெற்றியாளராக அறிவித்தது 2022-இல். பசிக்காகப் பெற்ற சில காசுகளுக்கு நூறாண்டுக்கும் மேல் தண்டனை!

ஆகவே, பணம் வாங்காமல் செய்வது உயர்வு, வாங்கிச் செய்வது தாழ்வு என்று எளிதாகச் சொல்லிவிடலாகாது. ஊதியம் தேவைப்படாதவர்கள் ஊதியம் பெறுவோரை இழிவாகப் பேசுவதில் அறம் ஏதுமில்லை.

இங்கே திருத்தூதர் பவுல் நமக்குத் துணையாகிறார். கொரிந்தியருக்கு அவர் எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தின் முடிவில் பந்தயத்தில் ஓடுவோரைப் பற்றிய பகுதி வருகிறது. கொரிந்து நகருக்கு அருகில்தான் இஸ்த்மிய விளையாட்டுகள் நடைபெற்றன. அங்கும் வென்றவர்க்கு இலை வளையமே பரிசு. அழியும் வாகைக்காக அவர்கள் எத்துணைக் கட்டுப்பாட்டோடு பயில்கிறார்கள், அழியாத வாகைக்காக நாம் பயில வேண்டாமா என்னும் பொருளில் பவுல் எழுதுகிறார். இப்பகுதியை மறையுரைகளில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். ஆனால் அதே அதிகாரத்தின் பெரும்பகுதி எதைப் பற்றியது என்பதை நாம் கவனிப்பதில்லை. அது ஊதியத்தைப் பற்றியது. போர்வீரருக்கும் உழவருக்கும் ஆயருக்கும் தத்தம் உழைப்பின் பயனில் உரிமை உண்டு. நற்செய்தி அறிவிப்போருக்கும் அவ்வாறே உரிமை உண்டு என்று பவுல் உறுதியாக வாதாடுகிறார். வாதாடி முடித்தபின், அந்த உரிமையைத் தாம் பயன்படுத்தவில்லை என்கிறார். கூடாரத் தொழில் செய்து தம் கையால் உண்டவர் அவர்.

உரிமை இல்லை என்பதால் அவர் விடவில்லை. பிறர் பெறுவதைப் பழித்தும் விடவில்லை. தாமே விரும்பிக் கொடுக்கக்கூடிய ஒன்று தம்மிடம் இருக்க வேண்டும் என்பதற்காக விட்டார். இதுவே அன்பின் இலக்கணம். இந்த வாதத்துக்குப் பிறகு அதே அதிகாரத்தில் ஓட்டக்காரர் வருவது தற்செயல் அன்று என்று எனக்குத் தோன்றுகிறது. ஓடுவோரைப் பவுல் இகழவில்லை என்பதையும் நோக்க வேண்டும். அவர்கள் பெறும் வாகை அழியும் என்கிறார். அவர்களுடைய பயிற்சி வீண் என்று அவர் சொல்லவில்லை. மாறாக, அதையே நமக்கு எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார்.

மீண்டும் ஓடியவர்

டிமார் முற்றிலும் விலகிவிடவில்லை. 1917-இல் பாஸ்டனில் மூன்றாவதாக வந்தார். பிறகு 1922-இல், முப்பத்து மூன்று வயதில், முழு மனத்தோடு திரும்பி வந்து வென்றார். 1923-இலும் 1924-இலும் வென்றார். 1924-ஆம் ஆண்டுப் பாரிசு ஒலிம்பிக்கில் பின்லாந்து நாட்டவருக்கும் இத்தாலி நாட்டவருக்கும் அடுத்து மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்றார். மீண்டும் 1927, 1928, கடைசியாக 1930. அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. பாஸ்டனின் ஆண்கள் ஓட்டத்தில் அந்த வயதில் வென்றவர் வேறு எவரும் இல்லை. ஓட்டப் பிரிவில் ஏழுமுறை வென்றவரும் இன்றுவரை அவர் ஒருவரே.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அறிவியலார் அவரை ஓடும் பொறியில் ஓடவிட்டு ஆராய்ந்தார்கள். கடுமையாக ஓடும்போது தசைகளில் தோன்றி இரத்தத்தில் சேரும் லாக்டிக் அமிலம், பிறரைக் காட்டிலும் அவர் உடலில் மிகக் குறைவாகவே சேர்ந்தது. பிறவிக் கொடை சிறிது. ஆண்டுக்கணக்கான பயிற்சி சிறிது. இரண்டையும் பிரித்தறிவது கடினம். தாலந்து உவமையிலும் கொடையும் உழைப்பும் அப்படித்தானே பிணைந்து கிடக்கின்றன! அந்த உவமையில் கடிந்துகொள்ளப்படுகிறவன் தாலந்தைத் தவறாகச் செலவிட்டவன் அல்லன், அஞ்சிப் புதைத்துவைத்தவன்.

அவரைப் புனிதராக்க நான் விரும்பவில்லை. டிமார் எளிதில் பழகக்கூடியவர் அல்லர். சினம் மிகுந்தவர். ஓடும் வழியில் குறுக்கே வந்த பார்வையாளர்கள்மீது கையோங்கியதும் உண்டு. மறைக்கல்வி ஆசிரியருக்கு அது அழகன்று. ஓட்டம் ஒருவரைப் பொறுமையுள்ளவராக்கும், எளியவராக்கும் என்று சொல்லி அதற்கு நற்பெயர் தேடித் தருவது பொய்யாகும். திறமை தானாகவே நற்பண்பைத் தந்துவிடுவதில்லை. இசைக்கும் இது பொருந்தும், கல்விக்கும் பொருந்தும், எழுத்துக்கும் பொருந்தும்.

பின் எதனால் அவருடைய ஓட்டத்தை நான் அறம் என்கிறேன்? இரண்டு காரணங்கள். ஒன்று, அதன் விலையை அவரே செலுத்தினார். தாய்க்கு உதவ வேண்டிய காலத்தில் அச்சகத்துக்குப் போனார். ஓட்டத்துக்காக வேலையைக் கைவிடவில்லை. பண்ணையையும் வகுப்பையும் இன்னொருவர் தலையில் ஏற்றவில்லை. பிறர்க்குரிய நேரத்தைத் திருடி வளர்க்கும் கலை எவ்வளவு உயர்ந்ததாயினும் அதில் ஒரு கறை உண்டு. நம் வீடுகளில், கணவனின் பெரும்பணிகளுக்காக மனைவியின் ஆசைகள் ஓசையின்றிப் புதைக்கப்படுவதை நாம் அறியாதவர்களா?

மற்றொன்று, அவர் அதைக் கீழே வைக்கவும் அறிந்திருந்தார், மீண்டும் எடுக்கவும் அறிந்திருந்தார். கீழே வைக்க முடியாத ஆசை நம்மை ஆளும் தலைவனாகிவிடும். விவிலியம் அதைச் சிலை வழிபாடு என்கிறது. ஒரே அடியாகக் கீழே வைத்துவிட்டு, கொடுத்தவரை மறந்துவிடுவதும் ஒருவகை நன்றியின்மையே. பத்தாண்டுக் காலம் ஒதுங்கி நின்று திரும்பியவரின் கையில் ஓட்டம் முன்புபோல் இல்லை. அது இப்போது பசியாக இல்லாமல் கொடையாக இருந்தது என்பது என் எண்ணம். 1930-க்குப் பிறகு அவர் பாஸ்டனில் வெல்லவேயில்லை. ஆயினும் தொடர்ந்து ஓடினார். 1954-இல், அறுபத்தைந்து வயதிலும், அந்த முழுத் தொலைவையும் ஓடினார். வாகைக்காக மட்டும் ஓடியவர் என்றால் அந்த இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு விளக்கம் இல்லை.

கேட்கத் தவறிய விடை

நம் பங்குகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஞாயிறுதோறும் திருப்பலிக்குப் பின் சிறுவர்களை அமர்த்தி மறைக்கல்வி புகட்டும் ஆசிரியைக்கு என்ன ஊதியம்? கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று வாரம் முன்பே இரவில் கூடிப் பாடிப் பழகும் பாடகர் குழுவுக்கு என்ன ஊதியம்? சிலம்பம் கற்றுத்தரும் முதியவர், தன் நிலத்தில் வேலை முடித்துவிட்டுக் கபடிக் குழுவைப் பயிற்றும் உழவர் ஆகியோர் நம் ஊர்களில் அருகிவருகிறார்கள். "இதனால் என்ன கிடைக்கும்?" என்னும் கேள்வி அவர்களை வீட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அக்கேள்விக்கு அவர்களால் விடை சொல்ல இயல்வதில்லை. ஏனெனில் அவர்கள் பெறுவதற்காக அதைத் தொடங்கவில்லை.

நம் ஆண்டவரும் தம் வாழ்வின் பெரும்பகுதியை நாசரேத்தில் ஒரு தச்சராகக் கழித்தார். அவர் செய்த நுகம் எவ்வளவு வழவழப்பாக இருந்தது என்று நற்செய்தியாளர்கள் எழுதிவைக்கவில்லை. ஆயினும் அவர் அதை அரைகுறையாகச் செய்திருப்பார் என்று நம்மில் எவரேனும் நம்புவோமா?

இப்போது அந்த மாணவனிடம் திரும்புகிறேன். நான் கேட்ட கேள்வி தவறானதன்று. டிமார் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டதும் அதே கேள்விதான். வீட்டு நிலைமையை எண்ணிப் பார்ப்பது அம்மாணவனின் கடமை. அதை நினைவூட்டுவது ஆசிரியனின் கடமை. ஆனால் டிமார் அக்கேள்வியோடு பல ஆண்டுகள் வாழ்ந்தார். விடை அவருக்குள்ளிருந்து வந்தது; விலகலும் திரும்புதலும் அவருடைய சொந்த மனச்சான்றின் செயல்கள். நானோ விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வியைக் கேட்டேன். அவன் ஓட்டத்தைத் துறக்கவில்லை. நான் அதை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டேன். தானாக விட்டதற்கும் பிறர் பிடுங்கியதற்கும் உள்ள வேறுபாட்டை, ஜிம் தோர்ப்பின் பதக்கங்களுக்காக வருந்துகிற நான், என் கண்முன் நின்ற சிறுவனிடத்தில் காணவில்லை. தேர்வு முடிந்தபின்னாவது "தம்பி, மீண்டும் ஓடு" என்று சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

டிமார் புற்றுநோய்க்கு அறுவை மருத்துவம் செய்துகொண்ட பின்னும் 1957-இல் ஒரு பந்தயத்தில் ஓடினார். 1958-ஆம் ஆண்டு சூன் 11-ஆம் நாள், எழுபது வயது நிறைந்து நான்கு நாள்களில் இறந்தார். அவருடைய இதயத்தைப் பால் டட்லி ஒயிட் என்னும் புகழ்பெற்ற இதய மருத்துவரும் உடன் பணியாற்றிய இன்னொரு மருத்துவரும் ஆராய்ந்து 1961-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் இயல்பைவிட இரண்டு மூன்று மடங்கு அகன்றிருந்தன. பிறவியிலேயே அப்படியா, ஓட்டத்தால் அப்படி ஆயினவா என்பதை ஓர் உடலைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது. ஆனால் ஒன்று தெளிவு. இன்னும் இரண்டொரு பந்தயங்களே தாங்கும் என்று 1911-இல் சொல்லப்பட்ட இதயம், அதன்பின் நாற்பத்தாறு ஆண்டுகள் ஓடியது. வெளியிலிருந்து குழல் வைத்துக் கேட்டவர்களுக்கு அதன் ஓர் ஓசை மட்டுமே கேட்டிருந்தது.

நம் பிள்ளைகளின் நெஞ்சில் காது வைத்துக் கேட்கும்போது, இதை நாம் நினைவில் கொள்வோமாக.